போனைச் சேர்ப்பதா, கரண்டைச் சேர்ப்பதா?

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் தெருக்களிலிருந்து காவி உடுத்திய கூட்டங்கள் தெற்கே கிளம்பும். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பெருவிழா. நடுவில் இருப்பது முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலை. முன்னால் சீரியல் செட் மின்னும் சிறு தேர், அதன் பின்னே நடப்பவர்கள், கடைசியாக ஊர்ந்து வரும் குட்டியானை வண்டி. வண்டிக்குள் அரிசி மூட்டைக்கும் பாய்க்கட்டுக்கும் இடையே ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் இருபது, முப்பது செல்போன்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் டேப் ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதியிருக்கும். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் அப்பா பெயரின் முதலெழுத்தும் சேரும்.

நெடுவழி நடைப்பயணத்தில் போனைச் சார்ஜோடு வைத்துக்கொள்வதற்கு வடசென்னைக் குழுக்கள் கண்டுபிடித்திருக்கும் வழி இந்தக் கூடைதான். மலையேறுகிறவர்களுக்கு இதே சிக்கல் வேறு மாதிரி. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் நடப்பவர் நாலைந்து நாளைக்கு ஊரையே பார்க்க மாட்டார். தன் முதுகில் சுமப்பது மட்டுமே அவர் மின்சாரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அப்படி இல்லை. வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்தபடி கிளம்புகிறவர் இரண்டு மூன்று நாளில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தைத் தாண்டுகிறார். கோவளம், மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று வழி நெடுக ஊரும் டீக்கடையும்தான். கரண்டுக்குப் பஞ்சமில்லை. அது கிடைக்கும் இடத்தில் போனும் ஆளும் இரண்டு மணி நேரம் சேர்ந்து உட்கார முடிவதில்லை, அவ்வளவுதான்.

காசிமேட்டுக்காரர்களுக்குக் கூட்டுச் சார்ஜ் புதிதல்ல. நாள்கணக்கில் கடலில் தங்கும் விசைப்படகில் இன்ஜின் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரி ஏறும். லைட், ஜிபிஎஸ், வாக்கி எல்லாம் அதை நம்பித்தான். கரையை விட்டு விலகி டவர் போனதும் போனை அணைத்துவிடுவார்கள், திரும்பி வரும்போது கரை நெருங்கினால்தான் போடுவார்கள். டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீரும் என்பதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்ல அவர்கள். அதே பழக்கத்தை நடையிலும் கொண்டுவருகிறவர்களின் போன், ரீல்ஸ் போட்டுக்கொண்டே வரும் பையனின் போனைவிட ஒரு நாள் கூடத் தாங்கும். ராத்திரி நடைக்கு போன் டார்ச்சைப் பிடிக்காமல், வலை இழுக்கும்போது நெற்றியில் கட்டும் டார்ச்சையே கட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. சார்ஜ் ஏற்றுவதைப் பற்றிய பேச்சில் செலவைக் குறைப்பது எப்போதும் பின்னுக்குப் போய்விடுகிறது. ஆனால் நடையில் அதுதான் முதல் வேலை.

கூடையின் நன்மைகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நடக்கிறவர் கையிலும் இடுப்பிலும் பாரம் இல்லை. வியர்வையும் கடல்காற்றின் உப்பும் போன் சார்ஜ் துளையைக் கெடுப்பதில்லை. திடீர் மழையில் நனைவதில்லை. வெயிலில் கொதித்த போன் சார்ஜே ஏற மறுக்கும். லித்தியம் பேட்டரிக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஆகாது. சட்டைப் பையில் கிடந்ததைவிட வண்டி நிழலில் கிடந்தது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூடையைக் காக்கத் தூங்காமல் உட்காரும் ஒரு பையன் ஒவ்வொரு குழுவிலும் இருப்பான். அவன் இருப்பதால் மற்றவர்கள் நிம்மதியாகக் கால் நீட்டுகிறார்கள்.

தனியாக நடக்கிறவருக்கு இந்த வசதி இல்லை. அவர் டீக்கடையில் நிற்க வேண்டும். “அண்ணே, பிளக் பாயிண்ட் இருக்கா?” “இருக்குப்பா, ஒரு டீ சொல்லு.” ஒரு போன் முழுதாக ஏற ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்குதான் ஆகும். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் கால் ரூபாய். அதற்குப் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ கேட்கும் கடைக்காரரைப் பேராசைக்காரர் என்பது தவறு. அவர் விற்பது கரண்டை அல்ல. இரண்டு மணி நேரம் உங்கள் போன்மேல் ஒரு கண் வைத்திருப்பதை.

இனி கணக்குக்கு வருவோம், கூடை அங்கேதான் தடுமாறுகிறது. இன்றைய போன்களில் 5,000 எம்ஏஎச் பேட்டரி சாதாரணம். அது ஏறத்தாழ 19 வாட்-மணி. இழப்பையும் சேர்த்தால் ஏற்ற 25 வாட்-மணி வேண்டும். முப்பது போனுக்கு 750. வண்டியில் இருக்கும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி காகிதத்தில் 1,200 வாட்-மணி காட்டும். பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போகும், ஆக 600. போனுக்கே பற்றாது. அதே பேட்டரியில்தான் தேரின் சீரியல் செட்டும் ஒலிபெருக்கியும். சராசரியாக 60 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபயர் எட்டு மணி நேரம் பாடினால் 480 வாட்-மணி காலி. நள்ளிரவில் பாட்டு இழுவையாகி நின்றால், கூடையில் இருக்கும் போன்களும் அத்தோடு நின்றன என்று அர்த்தம். ஜெனரேட்டர் வைக்கும் குழுக்கள் இதிலிருந்து தப்பிக்கின்றன, பதிலுக்குப் பெட்ரோல் செலவையும் சத்தத்தையும் புகையையும் வாங்கிக்கொள்கின்றன.

பகல் ஓய்வில் மண்டபத்திலோ கோவில் கூடத்திலோ ஏற்றிக்கொள்ளலாமே? தார் கொதிப்பதால் இவர்கள் ராத்திரியும் விடியற்காலையும் நடந்து, பத்து மணிக்கு மேல் சாயங்காலம் வரை படுக்கிறார்கள். கூடத்தில் வேலை செய்யும் பாயிண்ட் இரண்டு இருக்கும். எக்ஸ்டென்ஷன் போர்டு போட்டு ஆறு போன் ஒரே நேரத்தில் ஏறினால், முப்பதுக்கு ஐந்து சுற்று. ஒரு சுற்று இரண்டு மணி நேரம். பத்து மணி நேரம் தேவை, கையில் இருப்பதோ ஆறு. ஆக ஒவ்வொரு நாளும் பத்துப் பன்னிரண்டு போன் அரைகுறையாகத்தான் கிளம்பும். யாருடையவை என்று கேட்டால் பதில் சங்கடமானது. தலைவர் போன், டிரைவர் போன், மேளக்காரர் போன் முதல் சுற்றிலேயே ஏறிவிடும். சமையலை முடித்துவிட்டு வரும் அக்காக்களின் போன் கடைசி சுற்றில் நிற்கும். ராத்திரி நடையில் கூட்டத்தை விட்டுப் பின்தங்குகிறவர்களில் அவர்களும் இருப்பார்கள்.

கூடையின் பெரிய குறை இதில்தான் வெளிப்படுகிறது. போன் நன்றாக ஏறுகிறது. தேவைப்படும் நேரத்தில் கையில் இல்லை. கால் கொப்பளம் உடைந்து சாலையோரம் உட்கார்ந்தவர் 108-ஐ எதைக் கொண்டு அழைப்பார்? குட்டியானை இரண்டு கிலோமீட்டர் முன்னே போய்ச் சமையலுக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது பணமும் போனுக்குள்தான். யுபிஐ-யை நம்பி ரொக்கம் குறைவாக எடுத்து வந்தவர், போன் வண்டியில் இருக்கும்போது ஒரு சோடா வாங்கக்கூட அடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எஸ்டிடி பூத் காலத்தில் நடந்தவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நம்பர் மனப்பாடம், சில்லறை மடியில், வீட்டுக்கு நாளைக்கு ஒரு போன். அந்தக் காலமே மேல் என்று சொல்ல வரவில்லை. அப்போது பின்தங்கினவர் பின்தங்கினவர்தான், அடுத்த தங்கலில் வந்து சேரும் வரை யாருக்கும் தகவல் இல்லை.

சரி, ஆளுக்கொரு பவர் பேங்க்? பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் பெட்டியின் முன்பக்கத்தைத்தான் படிக்கிறார்கள். 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. போனுக்குப் போகும் 5 வோல்ட்டில் அது எவ்வளவு என்பது பின்பக்கம் பொடி எழுத்தில், ‘ரேட்டட் கெபாசிட்டி’ என்ற பெயரில் இருக்கும். நல்ல கம்பெனிச் சரக்கிலேயே 6,000 சொச்சம்தான். ஒரு போனை ஒன்றரை முறைகூட முழுதாக ஏற்றாது. அந்தப் பொடி எழுத்தும் பிஐஎஸ் பதிவு எண்ணும் இல்லாத பெட்டியை எடுக்காமல் இருப்பது நல்லது. பவர் பேங்க் தீர்ந்தால் அதையும் ஏற்ற வேண்டும், பாயிண்டுக்கான வரிசை இரட்டிப்பாகும் என்பதையும் ஆளுக்கொன்று வாங்குகிறவர்கள் யோசிப்பதில்லை.

சோலார் என்பார்கள். முதுகுப்பையில் தொங்கவிடும் மடிப்புப் பலகை, ராத்திரி நடந்து பகலில் மர நிழலில் படுக்கிறவருக்கு எதற்கு? வண்டிக் கூரைமேல் 100 வாட் பலகை ஒன்றை நிரந்தரமாகப் பொருத்தினால் கதை வேறு. நல்ல வெயிலில் நாளைக்கு 300 வாட்-மணியாவது கைக்கு வரும், பன்னிரண்டு போனுக்குச் சமம். மழை மூட்டம் போட்ட நாளில் வராது. மீன்பிடி கிராமங்களில் வீட்டுக்கூரையில் வைத்துப் பழகிய பொருள்தான், பொருத்தத் தெரிந்தவர்களும் குழுவிலேயே இருப்பார்கள்.

என் பார்வையில், சேர்த்து வைக்க வேண்டியது போனை அல்ல, கரண்டை. மூன்று பேருக்கு 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று, முப்பது பேருக்குப் பத்து. கூடைக்குள் போவது அவை மட்டும். பகல் ஓய்வில் மூன்று நாலு துளை உள்ள வேகச் சார்ஜர் மூன்றை அதே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் பத்தும் ஒரே சுற்றில், ஆறு மணி நேரத்துக்குள் ஏறும். சாயங்காலம் கிளம்பும்போது மூவரில் ஒருவர் இடுப்பில் ஒன்று. முந்நூற்றைம்பது, நானூறு கிராம், தோள் மாற்றிக்கொள்ளலாம். போன் யாரையும் விட்டுப் பிரிவதில்லை. மூவரும் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டே நடக்க வேண்டியிருப்பதால் பின்தங்குவதும் குறையும்; இது நான் எதிர்பாராமல் கிடைக்கும் லாபம். மறதி உள்ள பெரியவர்கள் மூவர் ஒரு பேங்கில் சேர்ந்துவிட்டால் இத்திட்டமும் பல்லிளிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வண்டிக்குள் வெயிலில் பத்துப் பேங்க்குகளைப் போர்வைக்கடியில் அடுக்குவதும் ஆபத்து.

ஆபத்து என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒலிபெருக்கியும் விளக்கும் தேரில் ஏறும்போது உயரமும் ஏறுகிறது. 2022 ஏப்ரல் 27 விடிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். வேளாங்கண்ணித் தேர்கள் சிறியவைதான், ஆனாலும் தெரு முனையில் தொங்கும் கம்பியைப் பார்த்துக்கொண்டு ஒருவர் முன்னே போவதில் தவறில்லை. தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டு போன் ஏற்றுகிறவர்களிடம் பேச்சே வேண்டாம். பிடித்து இழுத்துவிட வேண்டும். பொது இடத்து யுஎஸ்பி துளையில் நேரே செருகினால் தகவல் திருடு போகலாம் என்று 2022-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேடு எச்சரிக்கிறது. சொந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகினால் அந்தக் கவலை இல்லை. நம் சாலையில் ஈரத் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டு அதைவிடப் பக்கத்து எதிரி.

பத்துப் பவர் பேங்க்குக்கு ஏறக்குறைய பதினையாயிரம் ரூபாய். தலைக்கு ஐந்நூறு வசூலிக்கும் குழுவுக்கு அது பெரிய தொகை என்பார்கள். அதே குழு வழியனுப்பு விழாவுக்குத் தெருமுனையில் இரண்டு பிளெக்ஸ் வைக்கிறது. அதைக் குறைக்கச் சொன்னால் நடக்காது, அதில் பெரியவர்கள் முகம் இருக்கிறது. ஆனால் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து ‘உபயம்’ எழுதும் ஊர் இது. பவர் பேங்கின் முதுகில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது என்பதை யாராவது பெரியவர்கள் காதில் போட வேண்டும்.