நல்ல ஏரியா

மொரப்பூரில் இரவு ரயில் ஏறினால் விடிவதற்குள் சென்னை சென்ட்ரல். நடக்கிற தூரத்தில், பெரியமேட்டில் லாட்ஜுகள் உண்டு. ஆனால் நேர்காணலுக்குப் போகும் என் தருமபுரி மாணவிகளுக்கு வீட்டில் சொல்வது: "அந்த ஏரியா வேண்டாம். தாம்பரத்துல சித்தப்பா வீடு இருக்கே."

இந்த அறிவுரையை எனக்கு விளங்கவைத்தது, ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பை பற்றி எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' (2011). பாதுகாப்பு என்ற பேச்சில் காக்கப்படுவது பெண்ணின் மானம்தான். ஏழை ஆண்களும் இஸ்லாமிய ஆண்களும் அதில் முன்கூட்டியே குற்றவாளிகளாகிறார்கள் என்கிறது நூல். தோல் வணிகமும் மசூதியும் உள்ள பெரியமேடு 'கெட்ட ஏரியா' ஆவதும் மயிலாப்பூர் 'நல்ல ஏரியா' ஆவதும் இப்படித்தான்.

காரணமே இல்லாமல் தெருவில் நிற்கும் உரிமையைப் பெண்ணுக்குக் கேட்பது இந்நூலின் வலு. ஆனால் அதன் கவனம் நகரத்தில் ஏற்கெனவே முகவரி உள்ளவள் மேல். ஓரிரவுக்கு வருபவளுக்கு முதலில் அறை வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தலைமுறைகளாக வெளியூர் ஆண்களுக்கு அதைத் தந்தன. ஒரு பெட்டியோடு வந்தவன் அங்கிருந்து நகரத்தைக் கற்றுக்கொண்டான். பெண்ணுக்கு வாய்த்தது உறவினர் வீடு. வாடகை இல்லை, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும், பாத்திரமும் தேய்க்க வேண்டும்.

தனியாக வந்த பெண்ணிடம் "கூட யாரு?" என்று கேட்காமல் சாவி தரும் லாட்ஜ் பெரியமேட்டிலும் வேண்டும், மயிலாப்பூரிலும் வேண்டும். தெருவில் சும்மா நிற்கும் உரிமை அவளுக்கு அந்தச் சாவிக்குப் பிறகுதான்.