ஆவணத்தில் அயலார் பெயர்

மென்பொருளை உருவாக்கியோரே அதை நிறுவவும் இயக்கவும் எழுதித் தரும் வழிகாட்டியில், அதாவது ஆவணத்தில், பிறருடைய பொருள்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடலாமா என்பதில் இருவேறு கருத்துகள் உண்டு. கட்டற்ற மென்பொருளை உருவாக்கும் குனு திட்டத்தின் நெறிமுறை, கட்டற்றதல்லாத மென்பொருளை, அதாவது பயனர் மாற்றவும் பகிரவும் உரிமை தராததை, பரிந்துரைப்பதைத் தடுக்கிறது. ஏற்கெனவே பரவலாக அறியப்பட்டதைப் போகிறபோக்கில் சுட்டுவதால் தீங்கில்லை என்றும் ஒப்புக்கொள்கிறது. தன் சார்பை மறைக்காத நேர்மை இதற்கு உண்டெனினும், இது பொருளின் உரிமத்தை அளக்கிறதேயன்றி, படிப்பவரின் தேவையை அளப்பதில்லை.

அந்தத் தேவையை அளக்கும் மற்றொரு அணுகுமுறையைக் குபர்நெட்டிஸில் காணலாம். கூகுள் 2014-இல் திறந்தமூலமாக வெளியிட்ட இது, பல கணினிகளை ஒரே தொகுதியாக்கி அவற்றில் செயலிகளை இயக்கும் மென்பொருள். ஒரு தொகுதியைப் புதிதாக அமைத்தபின், அதற்குள் தகவல் போக்குவரத்தை நடத்தும் வலையமைப்பு நீட்சியை நிறுவும் வரை, பெயர்களை முகவரிகளாக்கும் கோர்டிஎன்எஸ் இயங்கத் தொடங்காது. அந்த நீட்சியோ காலிகோ, சிலியம், ஃபிளானல் என்று பிறர் படைத்தவற்றுள் ஒன்றாகவே இருக்க வேண்டும். இங்கே பெயர் சொல்லாத ஆவணம் பயனரைப் பாதி வழியில் விட்டுவிடும். ஆகவே, இயக்கத்துக்கு இன்றியமையாத அயல் பொருள்களைக் குபர்நெட்டிஸ் ஆவணங்களின் உள்ளடக்க விதி அனுமதிக்கிறது. ஆனால் அவற்றுக்குத் திட்டம் பொறுப்பேற்காது என்ற அறிவிப்போடு, அகரவரிசையில் பட்டியலிடுகிறது.

அகரவரிசை நடுநிலை போலத் தோன்றினாலும் உண்மையில் தீர்ப்பைத் தள்ளிப்போடும் உத்தியே. ஏனெனில் பேணப்படுவதும் கைவிடப்பட்டதும் அதில் சம உரிமையோடு நிற்கின்றன. இத்தகைய பட்டியல்களில் நெடுங்காலம் இடம்பெற்ற வீவ் நெட் என்ற வலையமைப்பு நீட்சியை உருவாக்கிய வீவ்வொர்க்ஸ் நிறுவனம், 2024 பிப்ரவரியில் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது; பெயரின் முதலெழுத்து இதைப் பற்றி எதுவும் சொல்லாது. கடைசியாகச் சோதித்த பதிப்பும் நாளும் ஒவ்வொரு பெயரருகிலும் இருந்தால், பொறுப்புத் துறப்பு அறிவிப்பைவிட அதுவே பயன்தரும். அந்த உழைப்பைத் தன்னார்வலர்கள் மீது சுமத்துவது எளிதல்ல என்பது வேறு செய்தி.

பெயரே கூடாது என்ற முழுத் தடையும் நடைமுறைக்கு ஒவ்வாது. செயலிகளைக் கொள்கலன்களில் இயக்கும் டாக்கருடன் நேரடியாக இணைக்கும் இடைப்பகுதியைக் குபர்நெட்டிஸ் 2022-இல் 1.24 பதிப்பில் நீக்கியபோது, டாக்கர், அதற்கு மாற்றான கண்டெய்னர்டி என்ற பெயர்களைத் தவிர்த்து இடமாற்ற வழிகாட்டி எழுத இயன்றிருக்காது. அயலாரின் நிறுவல் கட்டளைகளைப் படியெடுக்காமல் மூலத்துக்கே இணைப்புத் தருமாறு அதே உள்ளடக்க விதி சொல்வது, பராமரிப்புச் சுமையைக் குறைக்கிறது. படிப்பவரோ சில வேளைகளில் கட்டளையைத் தேடி விற்பனையாளரின் விளம்பரப் பக்கத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது.