எஃகுக் கித்தாரும் காந்தச் சுருளும்

மடிமீது கிடத்தி, நரம்பின்மேல் எஃகுத் துண்டை வழுக்கி வாசிப்பது ஹவாய்க் கித்தார். அதன் பழைய மின்கருவிகளை ஒப்பிடுவோர் பலர் வடிவையும் வண்ணத்தையும் பேசுவர். நாதம் பிறக்குமிடமோ 'பிக்கப்' எனும் காந்தச் சுருள்.

ஜார்ஜ் பீச்சாம் வகுத்து 1932இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் கருவிக்கு 'வாணலி' என்றே செல்லப் பெயர். அதில் இரு லாடக் காந்தங்கள் நரம்புகளை மேலும் கீழுமாகச் சூழ்ந்து நிற்கும். ஒலி பருத்து, பாடகர் மூச்சைப்போல் நீளும். அலுமினிய உடல் சூட்டில் விரிந்து சுருதி கலைந்தது பெருங்குறை. 1935இல் வந்த பேக்கலைட் உடல் அதைப் பெரிதும் தீர்த்தது. ஜெரி பேர்டின் இசைத்தட்டுகளைக் கேட்டோர் அந்நாதத்தின் குழைவை மறவார்.

கிப்சனின் ஈ.எச்.150 வேறு வகை. நரம்பின் கீழே ஒற்றை எஃகுத் தகடு. காந்தங்கள் உடலுக்குள் மறைந்திருக்கும். ஒலி திரண்டது, ஆனால் மேற்சுரங்களில் சற்றே மங்கல். பெண்டரோ 1940களில் நரம்புகளைச் சுருளின் நடுவிலேயே நுழைத்தார். அவ்வொலி கூரியது, நடனக் குழுவின் இரைச்சலையும் கிழித்து வரும்.

போருக்கு முந்திய ரிக்கன்பேக்கரின் ஒன்றரை அங்குலக் காந்தமே உயர்ந்தது, பிந்திய ஒன்றேகால் அங்குலம் தாழ்ந்தது என்று சேகரிப்போர் தீர்ப்புக் கூறி, விலையையும் ஏற்றுகின்றனர். இது ஏற்கத்தக்கதன்று. பழங்காந்தம் ஆண்டுகளால் வலுவிழக்கும். மறுபடி காந்தமேற்றினால் ஒலியும் மாறும். ஒரே பெருக்கி, ஒரே நரம்பு, ஒரே கை இவற்றோடு இரண்டையும் கேளாமல் அகலத்தை மட்டும் அளந்து சொல்வது அளவுகோலின் தீர்ப்பு; செவியின் தீர்ப்பன்று.