ஒரே கார், ஒரே வினாத்தாள்: ஒற்றை இருக்கைப் பந்தயங்களை முன்வைத்து

எல்லோருக்கும் ஒரே கார். ஆகவே ஜெயிப்பவன் திறமையால் ஜெயிக்கிறான். இளையோருக்கான ஒற்றை இருக்கைக் கார் பந்தயம் முழுவதும் இந்த ஒரு நம்பிக்கையின் மீதுதான் ஓடுகிறது. 'ஃபார்முலா' என்ற சொல்லின் பொருளே விதித்தொகுப்பு என்பதுதான். எந்த எஞ்சின், எவ்வளவு எடை, எந்த டயர் என்று முன்கூட்டியே வகுத்து, கார்களை அந்த வகுப்புக்குள் அடைத்துவிடுவது. உச்சியில் இருக்கும் ஃபார்முலா ஒன்றில் ஒவ்வொரு அணியும் தன் காரைத் தானே வடிவமைத்துக்கொள்கிறது. கீழ்ப்படிகளில் அப்படியில்லை. 2003 முதல் 2007 வரை நடந்த ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியாவில் எல்லோருக்கும் ஒரே பிரெஞ்சுக் கம்பெனியின் சட்டகம், ஒரே மோட்டார் சைக்கிள் எஞ்சின். 2023-இல் முதல் பருவம் கண்ட இந்திய ஃபார்முலா 4 போட்டியிலும் இதே ஏற்பாடுதான். பதினைந்து வயது நிரம்பிய பையனோ பெண்ணோ இதில் ஏறி, ஒரு பருவத்தில் பல சுற்றுகள், சுற்றுக்கு இரண்டு மூன்று ஓட்டங்கள் என ஓட்டி, புள்ளி சேர்த்து அடுத்த படிக்கு நகர வேண்டும்.

இந்தச் சமத்துவம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கார்கள் உண்மையிலேயே ஒன்றுதான். என் கேள்வி வேறு: சமத்துவம் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது? அதற்கு முன்னால் நடந்து முடிந்துவிட்ட தேர்வை எந்தப் பெயரால் அழைப்பது?

'கறம்பக்குடியில உக்காந்துகிட்டு உனக்கு எதுக்குய்யா கார் ரேஸ்?' என்று நண்பர்கள் கேட்கலாம். 2018 நவம்பர் கஜா புயலில் சாய்ந்த தென்னைகளின் கணக்கையே இன்னும் பேசி முடிக்காத ஊர் இது. ஆனால் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, கொடிமரச் சாலை, நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை வழியாக மூன்றரைக் கிலோமீட்டர் நீளத்திற்குப் பொதுச்சாலையை வளைத்து இரவில் பந்தயம் நடத்தப்பட்டதே, அது மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கைகோர்ப்போடு நடந்தது. 2023 டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது. பொதுப்பணம் பற்றியும், பக்கத்திலேயே உள்ள அரசு மருத்துவமனை நோயாளிகள்மீது விழும் இரைச்சல் பற்றியும் உயர் நீதிமன்றம்வரை வழக்குப் போனது. எல்லாம் முடிந்து கார்கள் சீறிக்கொண்டிருந்தபோது தெருநாய் ஒன்று ஓடுதளத்துக்குள் புகுந்துவிட்டது. பத்திரிகைகளுக்கு அது வேடிக்கை. எனக்கென்னவோ, அந்த இரண்டு நாளும் அந்தச் சாலையின் பழைய உரிமையாளர்களில் உள்ளே நுழைய முடிந்தது அந்த நாய்க்கு மட்டும்தான் என்று தோன்றுகிறது. பொதுவெளியும் பொதுப்பணமும் சம்பந்தப்பட்டுவிட்ட பிறகு கறம்பக்குடிக்காரன் பேசாமல் யார் பேசுவது?

இந்த விளையாட்டில் தமிழ்நாட்டுக்கு ஒரு 'பெருமிதக் கதையாடல்' உண்டு. இதுவரை ஃபார்முலா ஒன்றில் பந்தயம் ஓட்டிய இந்தியர்கள் இருவரே. நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர், கருண் சந்தோக் சென்னை. இருவருமே ஆசியப் படிக்கட்டில் ஏறிப் போனவர்கள். நரேன் 1992-இல் பிரான்சில் பந்தயப் பள்ளி, 1993-இல் இங்கே ஃபார்முலா மாருதி, 1994-இல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு என்று நகர்ந்து, 1995-இல் ஃபார்முலா ஆசியாவில் சில ஓட்டங்களில் மட்டும் கலந்துகொண்டு மலேசியாவின் ஷா ஆலம் தளத்தில் இரண்டாவதாக வந்தார். 1996-இல் முழுப் பருவமும் ஓட்டிப் பட்டத்தை வென்ற முதல் இந்தியரானார். ஐந்து வருடம் கழித்து, 2001-இல் கருண் அதே பட்டத்தை வென்றார்.

இவர்களுடைய திறமையைக் குறைத்துப் பேசுவது மடத்தனம். வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை எப்போது விடுவது என்பதை எந்தச் சொத்தும் முடிவு செய்து தராது. ஆனால் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் பெயர்களையும் கொஞ்சம் வாசித்துப் பார்ப்போம். நரேனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன், ராலிப் பந்தயங்களில் பேர்பெற்றவர். கருணின் தந்தை விக்கி சந்தோக் பந்தயக்காரர். தாத்தா இந்து சந்தோக் 1953-இல் தொடங்கிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். பிஎம்டபிள்யூ ஆசியாவில் ஓட்டிய அர்மான் இப்ராஹிம், பழைய தேசிய சாம்பியன் அக்பர் இப்ராஹிமின் மகன். ஆண்கள் கோலோச்சும் இந்தக் களத்தில் துணிந்து நுழைந்த அலிஷா அப்துல்லாவின் தந்தையும் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்தான். ஃபார்முலா மாருதி காரை வடிவமைத்த கரிவரதன் கோவையின் ஆலை முதலாளிக் குடும்பத்தவர். மாருதி 800-இன் எஞ்சினைப் பிடுங்கி மலிவான பந்தயக் காராக்கிய அந்த மனிதரின் மேதைமை மறுக்க முடியாதது. 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தளம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

தனிமனிதத் திறமையே எல்லாம் என்று சத்தியம் செய்கிற விளையாட்டில் எத்தனை அப்பாக்கள் பாருங்கள்! குலத்தொழில் கூடாது என்று பேசி வளர்ந்த மாநிலத்தில், குலத்தொழிலின் மிக நவீன வடிவம் தலைக்கவசம் போட்டுக்கொண்டு மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சி.எல்.ஆர். ஜேம்ஸ் மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் பற்றி எழுதியபோது, ட்ரினிடாடில் யார் எந்தக் கிளப்பில் சேரலாம் என்பதைத் தோலின் நிறமும் வர்க்கமும் முடிவு செய்ததைக் காட்டினார். மைதானத்துக்குள் விதி ஒன்றுதான். மைதானத்துக்குப் போகிற வழிதான் வேறுவேறு. அங்கே மட்டையும் பந்தும் இருந்தால் தெருவிலாவது ஆடிப் பழகலாம். இங்கே தெருவில் பழகினால் போலீஸ் பிடிக்கும்.

உடனே ஒரு பதில் வரும்: 'லூயிஸ் ஹாமில்டன் இல்லையா? அவங்கப்பா பல வேலை பாத்துத்தானே மகனைக் கொண்டுவந்தார்?' உண்மை. பதின்மூன்று வயதில், 1998-இல், மெக்லாரன் நிறுவனம் அவரைத் தத்தெடுக்காமல் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஹாமில்டனே 2021-இல் இந்த விளையாட்டு கோடீஸ்வரப் பையன்களின் சங்கமாகிவிட்டது என்ற பொருளில் பேசினார். விதிவிலக்கைக் காட்டி விதியை நியாயப்படுத்துவது நமக்குப் புதிதா என்ன? குடிசையில் பிறந்து கலெக்டரான ஒருத்தரைக் காட்டி, ஆகாத லட்சம் பேரையும் சோம்பேறி ஆக்குகிற அதே வித்தை.

அடுத்து, 'இருக்கை' என்ற சொல்லுக்கு வருவோம். பந்தய உலகில் இருக்கை என்பது விலைக்கு வருவது. கீழ்ப்படிகளில் ஓட்டுநருக்கு அணி சம்பளம் தருவதில்லை. ஓட்டுநர்தான் அணிக்குப் பணம் கட்டுகிறார். ஐரோப்பாவில் ஃபார்முலா 4 பருவம் ஒன்றுக்கே பல லட்சம் யூரோ ஆகும். மேலே போகப்போகத் தொகையும் ஏறும். அப்பா கொடுக்க வேண்டும் அல்லது கம்பெனி கொடுக்க வேண்டும். எங்கள் பகுதியிலிருந்தும் பையன்கள் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். அவர்களும் வேலை செய்வதற்கு முன்னாலேயே ஏஜெண்டுக்குப் பணம் கட்டித்தான் போகிறார்கள். இரண்டு பேரும் காசு கொடுத்து இடம் வாங்குகிறவர்கள்தான். ஒருவருக்கு அது முதலீடு, தோற்றால் வீடு திரும்பித் தொழிலைப் பார்க்கலாம். இன்னொருவருக்கு அது வட்டிக் கடன், அம்மாவின் தாலிக்கொடி. ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இருவரும் கோலாலம்பூர் போயிருக்கவும் கூடும். ஒருவருடைய பயணத்துக்கு மட்டும் 'சாதனை' என்று பெயர்.

ஒற்றை இருக்கை என்பது வெறும் தொழில்நுட்பச் சொல் இல்லை, அது ஒரு தன்னிலையை உற்பத்தி செய்கிறது. பக்கத்தில் யாருமில்லை, பின்னால் யாருமில்லை. நானே என் விதி. இந்தப் பிம்பம் நிற்க வேண்டுமானால் மற்ற எல்லாக் கைகளும் மறைந்தாக வேண்டும். போல்ட்டு முடுக்குகிறவன், டயர் மாற்றுகிறவன், விபத்து நடந்தால் கொடியை ஆட்டுகிறவன், தடுப்பு நட்டவன், மறுநாள் காலையில் சாலையைப் பெருக்குகிறவள். டயரையே எடுத்துக்கொள்வோம். 1946-இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் தயாரிக்கத் தொடங்கிய எம்ஆர்எஃப், பிறகு டயர் சாம்ராஜ்யமாகி, இங்கே ஒற்றை இருக்கைப் பந்தயங்களின் பெரிய புரவலர்களில் ஒன்றானது. அதே நிறுவனத்தின் அரக்கோணம் ஆலையில் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு 2000-களில் நடத்திய போராட்டம் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முன் புகாராகப் போனது. மேடையில் ஷாம்பெய்ன் பீய்ச்சும் படத்தில் டயர் தெரியும். டயரைச் செய்தவன் தெரியமாட்டான். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் திறந்த பந்தயத் தளத்தைச் சுற்றிக் கார் ஆலைகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் வளர்ந்தன. கார் செய்கிறவர்கள் சுவருக்கு இந்தப் பக்கம், கார் ஓட்டுகிறவர்கள் அந்தப் பக்கம்.

இப்போது எங்கள் சாலைக்கு வருகிறேன். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் மாட்டுவண்டிப் பந்தயம் நடப்பது வாசகர்களுக்குத் தெரியும். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள். மாட்டின் வளர்த்தியைப் பார்த்துப் பிரிப்பார்கள். பூஞ்சிட்டுக்குத் தூரம் குறைவு, பெரிய மாட்டுக்குக் கூடுதல். இதில் ஒரு நுட்பமான சிந்தனை இருக்கிறது. 'எல்லோருக்கும் ஒரே மாடு' என்று யாரும் சொல்வதில்லை. மாடுகள் சமமில்லை என்பதை முதலில் ஒத்துக்கொண்டு, அந்த ஏற்றத்தாழ்வை வகைப்படுத்தி, அதன்பிறகு பந்தயம் விடுகிறார்கள். சமமின்மையை மறைக்காத ஒரு விதி.

இதைச் சொல்வதால் மாட்டுவண்டியை மண்ணின் விடுதலைச் சின்னமாகத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். பந்தயமாடு வளர்க்கிற வசதி யாருக்கு இருக்கிறது, கொடி அசைக்கிறவர் யார், மாலையும் துண்டும் யார் தோளில் விழுகிறது, எந்தத் தெரு வழியாக வண்டி போகிறது, பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டால் அங்கேயும் சாதியும் ஆணாதிக்கமும் பல்லிளிக்கும். சாட்டையடி வாங்குகிற மாட்டைக் கேட்டால் அது இன்னொரு கதை சொல்லும். சமமின்மையை மாடுகளிடம் ஒத்துக்கொள்கிற ஊர், மனிதர்களிடம் அதைப் 'பிறப்பு' என்று சொல்லி முடித்துவிடுகிறது. நான் எடுத்துக்கொள்வது அந்தத் தர்க்கத்தை மட்டுமே: போட்டிக்கு முன்னால் நிலைமைகளை அளந்து பார் என்கிற தர்க்கம்.

இந்தத் தர்க்கம் நமக்கு அந்நியமானதில்லை. 1990 ஆகஸ்டில் மண்டல் அறிக்கையை அமலாக்குவதாக வி.பி. சிங் அறிவித்தபோது வடக்கே 'தகுதி, திறமை' என்று எழுந்த கூச்சலுக்குத் தமிழ்நாடு மயங்கவில்லை. நீட் தேர்வு வந்தபோதும் நாம் இதைத்தான் கேட்டோம். எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், சரி. பயிற்சி நிலையத்துக்கு லட்சக்கணக்கில் கட்டியவனும், கறம்பக்குடி அரசுப் பள்ளியில் படித்தவளும் அந்த வினாத்தாளுக்கு ஒரே தூரத்திலிருந்தா வருகிறார்கள்? 2021-இல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு இதைத்தான் தரவுகளோடு பேசியது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானதும் இந்தப் புரிதலால்தான்.

அப்படியானால் 2024-இல் நடந்தது என்ன? ஒரே வினாத்தாளின் பின்னால் ஒளிந்திருக்கும் பணத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மாநிலம், ஒரே காரின் பின்னால் ஒளிந்திருக்கும் பணத்துக்குச் சாலையைத் திறந்துவிட்டது. ஆளும்கட்சி உலகத்தரம் என்றது, எதிர்க்கட்சிகள் வீண்செலவு என்றன. 'உள்ளே ஓட்டுவது யார், அங்கே வந்து சேர்ந்த வழி எது' என்ற கேள்வி அந்தக் கூச்சலில் காணாமல் போயிற்று. சமூகநீதிச் சொல்லாடல் கல்லூரி வாசலோடு நின்றுவிடக்கூடியது என்றால், பளபளப்பான எந்தப் புது வாசலையும் அது கைவிட்டுவிடும். விளையாட்டு, சினிமா, ஆராய்ச்சி நிலையம், நாளைக்கு விண்வெளி... ஒவ்வொன்றிலும் 'இங்கே திறமை மட்டும்தான்' என்று ஒரு பலகை மாட்டப்படும். நாமும் கைதட்டிவிட்டு வருவோம்.

பந்தயத்தைத் தடை செய் என்று நான் கேட்கவில்லை. வேகம் பணக்காரன் வீட்டுச் சொத்தில்லை. எங்கள் ஊர் மெக்கானிக் கடையில் கிரீஸ் படிந்த கையோடு எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிற பையனுக்கும் அந்த ஆசை உண்டு. அரசு பணம் போட வேண்டுமானால் ஒவ்வொரு மாவட்டத்திலும் சின்னக் கார்ட் ஓட்டும் தளத்துக்குப் போடட்டும். அரசுப் பள்ளியிலிருந்தும் ஐடிஐ-யிலிருந்தும் பிள்ளைகளை எடுத்து, பருவம் முழுக்க இருக்கைக்கான காசைத் தானே கட்டட்டும். அவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். பத்து வருடம் இப்படிச் செய்துவிட்டு, பிறகு எல்லோரையும் அந்த ஒரே மாதிரிக் காரில் ஏற்றி ஓடவிடுங்கள். அப்போது யார் ஜெயித்தாலும் அது திறமைதான் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். அதுவரைக்கும் 'ஒரே கார்' என்பது ஒரு நல்ல எஞ்சினீயரிங் விதி, அவ்வளவுதான். அதை நீதி என்று சொல்லாதீர்கள்.