சாரநாத்துச் சிங்கங்கள்

ரூபாய்த் தாளிலும் பாஸ்போர்ட் அட்டையிலும் விரல்நுனி அளவுக்குச் சுருங்கியே நமக்குப் பழகிப்போனவை இந்திய அரசு முத்திரையின் சிங்கங்கள். வாரணாசியை அடுத்த சாரநாத் அருங்காட்சியகத்தில் அவற்றின் மூலச்சிற்பம் ஏழடி உயரத்தில் எழுந்து நிற்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் நாட்டிய தூணின் உச்சிப் பகுதியான போதிகை அது. மண்ணுக்குள் கிடந்ததை 1904-05 அகழாய்வு வெளிக்கொணர்ந்தது. வாருங்கள், அவசரமில்லாமல் பார்ப்போம்.

கண்ணில் முதலில் படுவது மெருகு. சுனார் மலைப்பகுதியின் மணற்கல் இது. மணற்கல்லுக்கு இயல்பு சொரசொரப்பு. மௌரியச் சிற்பிகளின் கையில் அதுவே கண்ணாடிபோல் மினுங்குகிறது. இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் சிங்கத்தின் தோளில் ஒளி வழுக்கி இறங்கும் அழகை என்னென்பது! உச்சிச் சிங்கம் முதல் அடித் தாமரை வரை அத்தனையும் ஒரே கல் என்பது நினைவுக்கு வரும்போது வியப்பு இரட்டிக்கிறது.

இப்போது சிங்கங்களின் பிடரியைப் பாருங்கள். சுருள் சுருளாக, வரிசை பிசகாமல், கோலமிட்டாற்போல் ஒழுங்காக இறங்குகிறது மயிர். கால்களிலோ அந்த அலங்காரம் இல்லை. திரண்ட தசையும் புடைத்த நரம்பும் அழுந்தப் பதிந்த நகங்களும் அசல் விலங்கின் உயிர்ப்போடு இருக்கின்றன. வாய் திறந்திருந்தும் முகத்தில் வெறி இல்லை. தன் வலிமையைத் தானே அடக்கி ஆளும் பெருமிதம் அது.

சிங்கங்களின் காலடியில் சுற்றிவரும் வட்டப்பட்டை இன்னோர் உலகம். யானை, காளை, குதிரை, சிங்கம் என நான்கு விலங்குகள். அவற்றுக்கு நடுநடுவே 24 ஆரங்கள் கொண்ட சக்கரங்கள். யானையின் நடையில் நிதானம், குதிரையின் பாய்ச்சலில் துள்ளல். மேலே அசைவற்ற கம்பீரம், கீழே ஓயாத இயக்கம். இரண்டையும் ஒரே கல்லில் இசைய வைத்த அந்தப் பெயரறியாச் சிற்பியை வணங்கத் தோன்றுகிறது. நம் தேசியக் கொடியின் நடுவே சுழலும் சக்கரத்துக்கு மூலம் இந்தப் பட்டைதான்.

1950 ஜனவரி 26-இல் இந்த வடிவம் அரசு முத்திரையானது. அடித் தாமரையை விட்டுவிட்டு, வாய்மையின் வெற்றியைச் சொல்லும் முண்டக உபநிடத வாசகத்தைக் கீழே பொறித்தார்கள். அரசியல் சாசனத்தின் கையெழுத்துப் பிரதிக்காக இதை வரைந்த தீனநாத் பார்கவா, ஓவியர் நந்தலால் போஸின் மாணவர். கல்கத்தா விலங்குக் காட்சிசாலைக்குப் போய், உயிருள்ள சிங்கங்களை உற்றுப் பார்த்துப் பழகிய பிறகே வரைந்தார். சாரநாத்துச் சிற்பியின் சிரத்தை அவர் தூரிகைக்கும் வாய்த்திருந்தது. சிற்பத்தின் நான்கு சிங்கங்களில் முத்திரையில் மூன்று முகங்கள்தான் தெரியும். நான்காவது சிங்கம் பின்னால் நின்று நம் கண் எட்டாத திசையைக் காக்கிறது.

போதிகையின் உச்சியில் ஒரு காலத்தில் பெரிய தருமச் சக்கரம் ஒன்றும் இருந்தது. அதன் உடைந்த துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அதையும் மனத்தில் ஏற்றி வைத்துப் பார்த்தால் சிற்பத்தின் முழுப்பொருளும் துலங்கும். சிங்கங்கள் நிற்பது சக்கரங்களின் மேல்; சுமப்பதும் சக்கரத்தையே. அரசின் ஆற்றலுக்கு அறமே அடித்தளம், அறமே மணிமுடி. ஒரு குடியரசு தன் நெற்றியில் சூடிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான திலகம் வேறென்ன இருக்க முடியும்!