மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கூடாரம்

பெங்களூரில் வாழும் நாம், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் ஒரு பீடபூமியின் முதுகில் குடியிருக்கிறோம் என்பதை அன்றாட அலுவல்களுக்கிடையே மறந்தே போகிறோம்; மேற்கு நோக்கிப் புறப்பட்டு, சிவமொக்காவையும் தீர்த்தஹள்ளியையும் கடந்து ஆகும்பேயின் விளிம்பில் போய் நின்று, காலடியில் பூமி சட்டென்று விலகிச் சரிவதையும், வானம் தெளிந்த மாலைகளில் அச்சரிவுக்கு அப்பால் அரபிக்கடல் மின்னுவதையும் காணும்போதுதான், இத்தனை காலம் எவ்வளவு உயரத்தில் வாசம் செய்தோம் என்பது உறைக்கிறது. அங்கிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சோமேஸ்வரத்தை அடைந்தால் காற்றே வேறாகிவிடும். ஈரமும் வெதுவெதுப்பும் உக்கிய இலையின் மணமும் கலந்த காற்று அது. அந்த மலையடிக் கானகத்தில், ஹெப்ரிக்குச் செல்லும் சாலையை ஒட்டி, சீதாநதி என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கிறது நான் சொல்லவரும் முகாம். அங்கே ஓர் இரவைக் கூடாரத்தில் கழிப்பது எப்படி, கழிப்பதோடு நில்லாமல் அதை ரசிப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

இத்தகைய முகாம்களை நடத்தும் ஜங்கிள் லாட்ஜஸ் அண்டு ரிஸார்ட்ஸ் என்னும் நிறுவனம் பெங்களூரையே தலைமையிடமாகக் கொண்டது. 1980-இல் கர்நாடக அரசின் முயற்சியால் தோன்றியது. சோமேஸ்வரம் வனவிலங்குச் சரணாலயமாகையால், ஆற்றங்கரையில் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கும் சுதந்திரம் நமக்குக் கிடையாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். இதைக் குறையாகக் கருத வேண்டாம். கித்தான் கூடாரமும், கட்டிலும், வேளைக்குச் சாப்பாடும் ஆயத்தமாக இருப்பதால், நம்முடைய கண்ணும் காதும் வேறு காரியங்களுக்கு ஓய்வாகக் கிடைக்கின்றன.

ஒழுக்கங்கள் ஒன்றோடொன்று கலக்கலாம், நிலங்கள் கலப்பதில்லை என்று தொல்காப்பியர் வரையறுத்தார். குறிஞ்சி வேறு, நெய்தல் வேறு; இடையே முல்லையும் மருதமும் கிடக்க, மலைநாடனும் சேர்ப்பனும் தத்தம் நிலத்தில் வாழ்ந்தார்கள். கிழக்குக் கரையின் விரிந்த சமவெளியைக் கண்ட எவருக்கும் அவ்வரையறை இயல்பாகவே தோன்றும். மேற்குக் கரையிலோ இயற்கை அந்த இடைவெளியை ஏறக்குறைய அழித்துவிட்டது. மலை உச்சியில் நின்றால் கடல் தெரிகிறது. கடற்கரையில் நின்றால் மலை தெரிகிறது. நடுவில் ஒரு காடும், ஓர் ஆறும், சில பாக்குத் தோட்டங்களுமே இருக்கின்றன. இந்த நெருக்கம்தான் சீதாநதி முகாமின் விசேஷம். நாள் முழுவதும் மலைக்கும் கடலுக்கும் இடையே ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டே இருக்கிறது. நடுவே கூடாரம் போட்டவனுக்கு அதைப் பக்கத்தில் இருந்து காணும் பாக்கியம் வாய்க்கிறது.

இதற்கு வேண்டிய முதல் தகுதி, ஓரிடத்தில் இருக்கும் பொறுமை. நம்மவர்கள் பெரும்பாலோர் முகாமுக்குப் போனதும் இடங்களின் ஜாபிதாவை விரித்துவிடுகிறார்கள்: காலையில் ஓர் அருவி, பகலில் ஒரு கோயில், மாலையில் சூரியாஸ்தமனம், இரவில் ஒலிபெருக்கியில் பாட்டு. மிருகங்களைக் காண வேண்டும் என்ற ஆவலோடு வருகிறவர்களுக்கும் ஏமாற்றமே மிஞ்சும். இது யானைக் கூட்டங்கள் திறந்த வெளியில் மேயும் கபினி அல்ல, பத்தடிக்கு அப்பால் கண் செல்லாத மழைக்காடு. இங்கே கண்ணைவிடக் காதும், காதைவிடச் சருமமும் அதிகம் அறிகின்றன. ஆகவே பகல் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்து, மறுநாள் அதே நேரம் வரை முகாமையும் அதன் ஆற்றங்கரையையும் விட்டு நகராமல் இருப்பது என்று சங்கல்பம் செய்துகொள்ளுங்கள். ஒரு முழு நாளின் சுற்று அப்போதுதான் உங்களுக்குப் பூரணமாகக் கிடைக்கும்.

மாலை நான்கு மணிக்கு ஆற்றின் நடுவே ஒரு பாறையில், மேற்கே முகத்தை வைத்து உட்காருங்கள். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த நிலம் கடலைவிட விரைவில் சூடேறி, அதன்மேல் நிற்கும் காற்று இலேசாகி எழுந்துவிட, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று கரையேறி, வயல்களையும் தென்னந்தோப்புகளையும் கடந்து, ஆற்றின் தடத்தைப் பற்றிக்கொண்டு மலையடி வரை வருகிறது. முகத்தில் அதன் ஈரம் தெரியும். கரையோரத்து மரங்களின் இலைகள் எல்லாம் மலைப்பக்கமாகச் சாய்ந்து நடுங்கும். சூரியன் இறங்க இறங்க அக்காற்று தளரும். பொழுது சாய்ந்து சிறிது நேரத்தில் அறவே நின்றுவிடும். இந்த அசைவற்ற வேளையைத் தவறவிடாதீர்கள். ஆற்றின் சப்தம் திடீரென்று பெரிதானதுபோல் கேட்கும். உண்மையில் பெரிதானது ஆறு அல்ல, அதை மூடியிருந்த இலைகளின் ஓசை அடங்கியிருக்கிறது. பிறகு, முன்னறிவிப்பே இல்லாமல், பிடரியில் ஒரு குளிர்ச்சி படும். மலைச்சரிவு வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்ந்துவிட்டது. அதைத் தொட்டுக் கனத்த காற்று பள்ளத்தாக்கின் வழியே கடலை நோக்கி இறங்கத் தொடங்கிவிட்டது. காற்று திரும்பிய இந்தக் கணத்தை உடம்பால் உணர்ந்தவர், பாடப்புத்தகத்தில் கடற்காற்று, நிலக்காற்று என்று மனப்பாடம் செய்ததை முதன்முறையாகப் புரிந்துகொள்கிறார். இதற்காக மட்டுமே அங்கே போகலாம் என்பது என் அபிப்பிராயம். ஒரு நிபந்தனை: வானம் தெளிந்து, பெருங்காற்று வீசாத நாளாக இருக்க வேண்டும், நவம்பர் முதல் பிப்ரவரி வரை அத்தகைய நாட்கள் ஏராளம்.

இருட்டியதும் விறகு அடுக்கித் தீ மூட்டும் ஆசை எல்லாருக்கும் வருகிறது. குளிர் நாடுகளில் அதற்கு அர்த்தம் உண்டு; வியர்வை அடங்காத கரையோரக் காட்டில் அது அநாவசியம் என்பதோடு, இரவையே நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது. மனிதக் கண் இருளுக்கு முழுதும் பழக அரைமணி நேரமாவது வேண்டும். ஒரு தடவை சுவாலையையோ கைப்பேசித் திரையையோ பார்த்தால் அத்தனையும் வீணாகி மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும். டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு ஒளி அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அரைமணிக்குப் பிறகு, கரிய சுவராக நின்ற காடு மெல்ல மெல்லப் பிரிந்து, அருகிலுள்ள மரம், அதற்குப் பின்னால் மூங்கில் புதர், அதற்கும் பின்னால் மலையின் விளிம்பு என்று தளம் தளமாகத் தெரியும். மழைக்கு முந்தைய மே மாதக் கடைசியில் போகிறவர்களுக்கு மின்மினிகள் ஒரு வெகுமதி. ஒரு மரத்தில் தொடங்கும் மினுக்கம் அடுத்த மரத்துக்குத் தாவி, சில சமயம் பல நூறு பூச்சிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைவதைக் காணலாம். சுற்று வட்டாரத்து ஊர் எதிலாவது அன்றிரவு யக்ஷகானக் கூத்து நடப்பதாகத் தெரிந்தால், மேற்சொன்ன சங்கல்பத்தை நானே தளர்த்திவிடுவேன். நவம்பர் முதல் மே வரை விடிய விடிய ஆடும் அக்கூத்துக் குழுக்களின் செண்டையொலியும் இக்காட்டின் இரவைச் சேர்ந்ததுதான்.

விடியலுக்கு முன்னால் விழித்துக்கொள்வது அவசியம். கூடாரத்துணியின் உட்புறத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். இரவெல்லாம் நீங்கள் விட்ட மூச்சு, குளிர்ந்த துணியில் பட்டு நீர்முத்துகளாகி, சரிவில் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாக இறங்கிக்கொண்டிருக்கும். படுக்கப்போகும்போதே வலைச் சாளரத்தைத் திறந்து வைத்தால் இந்த ஈரம் பாதியாகக் குறையும். வெளியே, ஓடையருகே இருட்டு பிரியாத வேளையில், யாரோ ஒரு சிறுவன் தனக்குத் தெரியாத ராகத்தைத் தேடித்தேடிச் சீட்டியடிப்பதுபோல் ஒரு பாட்டு கேட்டால், அது சீகாரப் பூங்குருவி. மழைக்காலத்தை ஒட்டி அது அதிகம் பாடும். அதே அடியைத் திரும்பப் பாடுவதுபோல் தோன்றி, முடிக்கும் இடத்தில் வேறெங்கோ போய்விடும். அடுத்து எங்கே போகும் என்று ஊகித்துக்கொண்டே கேட்பதில்தான் ரசம். வெயில் வந்த பின்னர் மரவுச்சிகளில் இருவாட்சிகளின் கொக்கரிப்பு எழும். குஞ்சு பொரிக்கும் பருவத்தில் பெண் இருவாட்சி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு ஓர் இடுக்கை மட்டும் விட்டுவைக்க, ஆண் வாரக்கணக்கில் ஆலம், அத்திப் பழங்களைக் கொண்டுவந்து அவ்விடுக்கின் வழியே ஊட்டுகிறது. தனியே பறந்து வந்து ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்லும் பறவையைக் கண்டால், தூரத்திலேயே நின்றுவிடுவது மரியாதை.

காலை ஒன்பது மணியளவில், இளவெயில் படும் மரத்தண்டுகளைப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு பாக்குமரங்களின் நடுவே நின்றால் இன்னும் உத்தமம். மரப்பட்டையின் நிறமும் திட்டுகளும் அப்படியே வாய்த்த ஒரு பல்லி, கண்முன்னே இருந்தும் தெரியாமல் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும். திடீரென்று அதன் தொண்டையில் ஒரு மஞ்சள் கொடி விரிந்து மடங்கும். அதுதான் பறக்கும் ஓணான். ஆண் தன் எல்லையை அறிவிக்கவும் பெண்ணை அழைக்கவும் அக்கொடியைக் காட்டுகிறது. பார்வையை எடுக்காமல் காத்திருந்தால், தண்டிலிருந்து குதித்து, நீண்ட விலா எலும்புகளை விரித்து, அவற்றுக்கிடையே இழுபட்ட தோலையே சிறகாக்கி, சாய்வாகச் சறுக்கி அடுத்த மரத்தில் போய் ஒட்டும். ஒட்டிய கணமே பட்டையோடு பட்டையாக மறையும். இறங்கிய உயரத்தை மீட்க அது உடனே மேலே ஏறத் தொடங்குவதையும் கவனியுங்கள். பிறகு வந்து, பலாவிலைக் குடுவையில் வெந்த கொட்டெ கடுபையும் புனர்புளி சாற்றையும் சாப்பிட உட்காரும்போது பசி தானாக வந்திருக்கும்.

எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. பெங்களூரில் பெய்வதைப் போல் ஏழு மடங்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆற்றில் இறங்குவதை நினைக்கவே கூடாது. அட்டைகளுக்குக் காலில் உப்பும் புகையிலைத் தண்ணீரும் துணை. ராஜநாகத்தின் நாடு இது. பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கர் 2005-இல் ஆகும்பேயில் மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியதும் அப்பாம்பின் பொருட்டே. இலைகளைக் குவித்துக் கூடு கட்டி முட்டையிடும் ஒரே பாம்பு அதுதான். அது மனிதனைத் தேடி வருவதில்லை. இரவில் காலணியும் காலடியில் வெளிச்சமும் இருந்தால் போதும். உண்மையில் கவலைப்பட வேண்டியது உண்ணிகளுக்கு. சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் 1957-இல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணிகளால் பரவுவது. டிசம்பர் முதல் மே வரை அதன் பருவம். புறப்படுமுன் அவ்வட்டாரத்து நிலவரத்தை விசாரியுங்கள். முழுக்கால் சட்டை அணியுங்கள். செத்த குரங்கு கிடக்கும் பக்கம் போகாதீர்கள். வெறும் இலைச்சருகில் உட்காராதீர்கள்.

கடலையே காலடியில் வைத்துக்கொண்டு காட்டில் தங்க விரும்புவோருக்கு வடக்கே கார்வாருக்கு அருகில், காளி நதி கடலில் கலக்கும் இடத்தில், தேவ்பாக் இருக்கிறது. அதே நிறுவனம் சவுக்குத் தோப்பின் நடுவே நடத்தும் விடுதி. சவுக்கு நம் நாட்டு மரமன்று. 1868-இல் கார்வாரில் நட்டுத்தான் இந்நாட்டில் அதன் சாகுபடி தொடங்கியது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, அங்கே ஜில்லா நீதிபதியாயிருந்த தமையனார் சத்யேந்திரநாதரின் வீட்டில் வந்து தங்கிய இளைஞர் ரவீந்திரநாத தாகூர், அக்கடற்கரையின் சவுக்குத் தோப்பையும், நிலவொளியில் படகேறிக் காளி நதியில் எதிரேறிச் சென்றதையும் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் வரைந்தார்; ‘பிரகிருதிர் பிரதிசோத்’ என்ற நாடகத்தை எழுதியதும் அங்கேதான். அவர் கண்ட மரங்கள் இளமரங்களாகவே இருந்திருக்க வேண்டும். அத்தோப்பில் உட்காருபவர்கள் ஒரு பச்சை ஊசியைப் பறித்து, இரு நுனிகளையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கணுக் கணுவாகக் கழன்று வரும். இலை என்று நாம் எண்ணியது உண்மையில் மெல்லிய கிளை. மெய்யான இலைகள் கணுவைச் சுற்றிய செதில் பற்களாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சுருங்கியிருக்கின்றன. உப்புக்காற்றில் நீரைச் சேமிக்கும் அந்த ஊசிகளில்தான் தோப்பின் ஓயாத இரைச்சல் பிறக்கிறது.

சீதாநதி முகாமை விட்டுக் கிளம்பும் நாளில் வந்த வழியே திரும்ப வேண்டாம், ஆற்றோடு போங்கள். நரசிம்ம பர்வதத்தருகே பிறந்து, பர்கணாவில் அருவியாக விழுந்து, உங்கள் கூடாரத்தைத் தொட்டுச் சென்ற அந்த நீர், ஆளுப மன்னர்களின் பழைய தலைநகரான பார்க்கூரைக் கடந்து, சுவர்ணா நதியோடு கூடி, கோடி பெங்க்ரெயில் கடலை அடைகிறது. ஒருபுறம் ஆறும் மறுபுறம் கடலுமாக நீண்டு கிடக்கும் அம்மணல் நாக்கில் மாலை வரை இருந்துவிட்டு, மறுநாள் உடுப்பியில் ரயிலேறலாம். பகலில் மலையேறும் வண்டியாகப் பார்த்துச் சீட்டு வாங்குவது நல்லது. சுப்ரமண்யாவிலிருந்து சக்லேஷ்பூர் வரை சுமார் 55 கிலோமீட்டரில் 57 சுரங்கங்கள். ஐம்பது அடிக்கு ஓரடி வீதம் ஏறும் அந்தப் பாதையில், ஒரு சுரங்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சில விநாடிகள் மட்டும் திறக்கும் பள்ளத்தாக்குகளை, உறங்கிக்கொண்டு கடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.