‘சொந்த விருப்பத்தின் பேரில்’: ஒரு விண்ணப்பத்தை வாசித்தல்

அஞ்சு வரிப் பிரதி. ‘மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு, சொந்த விருப்பத்தின் பேரில், மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்பது அதன் சாரம். கீழே ஒரு தாயின் கையெழுத்து. வாசகங்கள் தலைமையாசிரியர் சொன்னவை. எழுதியது நான். அந்தப் பள்ளியில் அப்போது அஞ்சாம் வகுப்பு வாத்தியார். அந்தம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ரொலாண் பார்த்தை வைத்துக்கொண்டு ஆசிரியனின் மரணம் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசிய நமக்கு இங்கே ஒரு கேள்வி: இந்தப் பிரதிக்கு ஆசிரியர் யார்?

இப்படியொரு கடிதம் ஏன் தேவைப்படுகிறது? கல்வி உரிமைச் சட்டம், 2009. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது அதன் 16ஆம் பிரிவு. 2019 திருத்தம் தேர்ச்சி விசயத்தில் கை வைத்தது, இதில் வைக்கவில்லை. 5ஆம் பிரிவோ வேறு பள்ளிக்கு மாறும் உரிமையைச் சொல்கிறது; கேட்டவுடன் சான்றிதழ் தரவேண்டும் என்கிறது. ஆகவே, ‘நீங்களே எழுதிக் குடுத்து டிசி வாங்கிட்டுப் போயிருங்கம்மா’ என்கிறார்கள். 16 பூட்டிய கதவுக்கு 5 சாவியாகிறது. வெளியேற்றம் விருப்பமாக எழுதப்படுகிறது.

பையன் என்ன செய்தான்? நோட்டைக் கிழித்தான், பக்கத்துப் பையனைக் கடித்தான், வெளியே ஓடினான். ‘திடீர்னு வெறி புடிச்ச மாதிரி ஆயிடுறான் சார்’ என்பார் டீச்சர். கட்டுடைக்க வேண்டியது இந்தத் ‘திடீர்’ என்கிற சொல்லைத்தான். தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது திடீர் இல்லை. தமிழ்ப் பாடத்தை வரிசையாக வாசிக்கச் சொல்லும்போது, அவன் முறைக்கு ரெண்டு மூணு பேர் பாக்கி இருக்கையில்தான் பெரும்பாலும் சத்தம் எழும். வெளியே நிறுத்துவார்கள். வாசிப்பு அவனைத் தாண்டிப் போய்விடும். தண்டனையே அவனுக்கு விடுதலையாக இருந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாதது எல்லார் முன்னும் அம்பலமாவதற்குத்தான் பயந்தான் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை.

நம் பக்கத்துக்கும் வருவோம். பள்ளியைச் சிறையோடு ஒரே வரிசையில் வைத்த ஃபூக்கோவின் 1975ஆம் ஆண்டு நூலை விழுந்து விழுந்து படித்தவர்கள் நாம். இப்படியொரு பையனைக் கண்டால் கலகக்காரன் என்று கொண்டாடத் தோன்றும். நண்பர்களிடம் நானும் அப்படித்தான் பேசினேன். ‘அடங்காதவன்’ என்பது பள்ளி ஒட்டிய சீட்டு. ‘கலகக்காரன்’ என்பது நாம் ஒட்டியது. ரெண்டு சீட்டும் அவனுக்கு ஒரு எழுத்தைக்கூடச் சொல்லித் தரவில்லை. கொண்டாட்டத்தால் நமக்கு நட்டமேதும் இல்லை. டிசி வாங்கியது அவன்.

செய்திருக்கக்கூடியவை சின்ன வேலைகள்தான். நாளைக்கு எந்த நாலு வரி என்று முந்தின நாளே சொல்லிவிடலாம். இன்னொருத்தனோடு சேர்ந்து வாசிக்க விடலாம். கொதிப்பு ஏறுமுன் தண்ணிப் பானைவரை போய்த் திரும்ப அனுமதிக்கலாம். எப்போது வெடிக்கிறான், அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று ஒரு வாரம் குறித்து வைக்கலாம். கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லலாம். கடிபட்டவனும் பிள்ளைதான், அவனைக் காப்பதற்கும் வழி இதுவே. ‘இதெல்லாம் யாரு சார் செய்றது?’ என்று டீச்சர் கேட்டால் நியாயம். மூணும் நாலும் ஒரே அறையில், அவர் ஒருத்தர். அவரை வில்லியாக்கிவிட்டு நான் தப்பிக்க முடியாது. வாசிப்பு நேரத்தில் அவனைத் தட்டிக்கு இந்தப் பக்கம் வரவைத்து, பக்கத்தில் உட்காரவைத்திருக்கலாம். செய்யவில்லை.

மாற்றுச் சான்றிதழில் ‘ஒழுக்கமும் பண்பும்’ என்றொரு கட்டம் உண்டு. ஒழுக்கம் சரியில்லை என்று அனுப்பப்பட்டவனுக்கு அதில் ‘நன்று’ என்று போட்டார்கள். அடுத்த பள்ளி சேர்க்க மறுத்துவிடக் கூடாதே என்கிற இரக்கம்தான். ஆனால் அந்த ஒத்தைச் சொல்லில் நடந்ததெல்லாம் அழிந்துபோனது. அவனுக்கு வாசிப்பு வரிசைதான் பிரச்சினை என்று புது டீச்சருக்கு ஒரு வரிகூடப் போய்ச் சேரவில்லை.

அடுத்த முறை எந்தத் தாயாவது வெள்ளைத்தாளோடு வந்து நின்றால் ‘சொந்த விருப்பம்’ என்று எழுத மாட்டேன். ‘போகச் சொன்னார்கள்’ என்றுதான் எழுதுவேன். இதை வாசிக்கும் வாத்தியார்களையும் அப்படியே எழுதச் சொல்கிறேன்.